கையால் வரைந்த தமிழ் எழுத்துருவை எல்லோருக்கும் திறந்து விட என்னென்ன செய்ய வேண்டும்?

வளைகோடு கேட்டது:

வணக்கம். தலைப்புகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் ஆகிற மாதிரி, தூரிகை வாட்டத்தில் ஒரு தமிழ் எழுத்துரு வரைந்திருக்கிறேன். ஒரே தடிமன். 247 எழுத்தும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தனித்தனி எஸ்விஜி படக் கோப்புகளாக இருக்கின்றன. கிரந்தம் இன்னும் வரையவில்லை. விற்கும் எண்ணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தட்டும், கைவைத்து மாற்றவும் மாற்றட்டும். ஆனால் யாராவது பெயரை மாற்றி, தன்னுடையது என்று சொல்லி விற்றுவிடக் கூடாது.

எழுத்துரு உருவாக்கும் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் இந்த 247 படங்களையும் அப்படியே ஏற்றினால் போதுமா? கிரியேட்டிவ் காமன்ஸில் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற உரிமம் போடலாமா, வேறு ஏதாவது உண்டா? கணினியில் நிறுவுகிற டிடிஎஃப் கோப்பை மட்டும் கொடுத்தால் போதுமா? சோதனைக்காக ஒன்று ஏற்றுமதி செய்து பார்த்ததில் 'கெ' என்று தட்டினால் கொம்பு க-வுக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது. அதற்கும் காரணம் சொன்னால் நல்லது.

---

துணைக்கால்:

கொம்பு பிரச்சினையை முதல்ல முடிச்சிடுவோம். உங்க கோப்பில் ஓப்பன்டைப் விதிகளை (எந்த எழுத்துகள் சேர்ந்தா எந்த வடிவம் வரணும்னு சொல்றவை) 'டிஎஃப்எல்டி' என்கிற பொது எழுத்துமுறைக்குக் கீழே மட்டும் போட்டிருப்பீங்க. க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் எல்லாம் எழுத்தைக் கோக்க ஹார்ஃபஸ் எஞ்சினைத்தான் நம்பியிருக்கு. எழுத்துருவில் தமிழுக்கான 'டிஎம்எல்2' குறி இல்லாம பொதுக் குறி மட்டும் இருந்தா, "இதை இந்திய எழுத்தா நினைச்சு வரைஞ்சவர் செய்யலை" என்று முடிவு பண்ணி அது சாதாரண வழியில் போயிடும். அந்த வழியில் கொம்பை இடப்பக்கம் நகர்த்துற வேலையே கிடையாது. ஒவ்வொரு லுக்கப்பிலும் (விதித் தொகுப்பு) 'டிஎம்எல்2', கூடவே பழைய மென்பொருள்களுக்காக 'டிஏஎம்எல்' ரெண்டையும் சேருங்க. கொம்பு தானா இடம் மாறிடும். அதுக்குன்னு தனி விதி எழுத வேண்டாம். எழுதினா ரெண்டு தடவை நகர்ந்து இன்னும் குழப்பம்.

அடுத்து 247 கணக்கு. கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசை ஏழும் உறுப்புகளைச் சேர்த்தாலே அமைஞ்சிடும். 18 × 7 = 126 படம் எழுத்துருவுக்குள் போகவே வேண்டாம். ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க. வரைஞ்ச 'கொ'வைப் பின்னணியில் வச்சு, மேலே ெ, க, ா மூணையும் அடுக்கிப் பாருங்க. கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடணும்னு அதுவே சொல்லிடும். கணினியில் தனித்தனியா வரைஞ்ச கொம்புகளில் வலப்பக்க இடைவெளி கூடிப் போறதுதான் வழக்கமான கோளாறு. 'கொ' என்பது மூணு எழுத்து மாதிரி பிரிஞ்சு தெரியும்.

உண்மையில் தேவைப்படுற தமிழ் கிளிஃப்கள் (எழுத்துருவுக்குள் இருக்கிற தனித்தனி வடிவங்கள்): உயிர் 12, ஆய்தம் 1, மெய் வரிசை 18, கிரந்தம் 5 (ஜ, ஶ, ஷ, ஸ, ஹ), க்ஷ, ஸ்ரீ. புள்ளி வச்ச வடிவங்கள் 24. உகர ஊகாரம் 36. கிரந்தத்துக்கு இது வேண்டாம். ஜு, ஜூ என்று குறி ஒட்டி நின்றாலே போதும். இகர ஈகாரம் 48. இதுக்கு மேல குறிகள் 13. மொத்தம் 159. அதோட எண்கள், நிறுத்தக்குறிகள், இடைவெளி. புள்ளியையும் மேல்விலங்கையும் (இகர ஈகாரக் குறி) ஆங்கர் என்கிற ஒட்டுப்புள்ளி வச்சு ஒட்டலாம்தான், ஆனா தூரிகை எழுத்தில் விலங்கு எழுத்தோடு சேர்ந்து ஓடணும். டி, டீ ரெண்டும் எப்படியும் தனியா வரைய வேண்டியவை. 48-ஐயும் முழுசா வரைவதுதான் என் வாக்கு.

குறிகள் 13-இல் ஒண்ணை எல்லாரும் விடுவாங்க: ஔகார நீட்டக் குறி. பார்க்க ள மாதிரியே இருக்கும், ஆனா யூனிகோடில் அதுக்குத் தனி இடம். 'கௌ' தட்டினா எஞ்சின் ௌ-வை ஒற்றைக் கொம்பாகவும் இந்த நீட்டக் குறியாகவும் பிரிக்கும். அது எழுத்துருவில் இல்லேன்னா, மென்பொருளைப் பொறுத்து கட்டம் தெரியும், இல்லேன்னா குறி இடம் மாறி நிற்கும். ள வடிவத்தையே ரெஃபரன்ஸா அங்கே வச்சிடுங்க, அகலத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். புள்ளிவட்டக் குறியும் (தனியா நிற்கிற துணைக்குறிக்குத் துணையா வருமே, அது), இணைப்பான், இணைப்பு விலக்கி என்கிற கண்ணுக்குத் தெரியாத குறிகள் ரெண்டும் வேணும்.

விதிகளை எங்கே எழுதுறதுன்னு கேக்கலை, ஆனா அடுத்து அங்கேதான் மாட்டுவீங்க. லத்தீன் எழுத்துருப் பாடங்களைப் பாத்துட்டு எல்லாத்தையும் 'லிகா' (எழுத்துகளைச் சேர்க்கிற ஓப்பன்டைப் வசதி) என்கிறதில் போடாதீங்க. ஹார்ஃபஸ் இந்திய எழுத்துகளுக்கு 'லிகா'வை அணைச்சே வச்சிருக்கு. விதி சரியா இருந்தாலும் கு, கூ சேராது. அதுக்குப் பதிலா இந்திய எழுத்துகளுக்கான வசதிகள் இருக்கு: க்ஷ 'ஏகேஹெச்என்'னில் போகட்டும். மேல்விலங்கு வடிவங்கள் 'ஏபிவிஎஸ்', உகர ஊகாரம் 'பிஎல்டபிள்யூஎஸ்', புள்ளி எழுத்து 'ஹெச்ஏஎல்என்'. கடைசி மூணையும் எஞ்சின் ஒரே கட்டத்தில்தான் ஓட்டும், அங்கே லுக்கப் வரிசைதான் பேசும். அதனால நீளமான சேர்க்கை முன்னால் வரணும். ஸ்ரீ என்பது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நாலு உறுப்பு. ரீ விதி அதுக்கு முன்னால் ஓடிட்டா அந்த நாலு வரிசை அமையவே அமையாது. 'ஸ்' தனியா, 'ரீ' தனியா நிற்கும். ஶ்ரீ என்று ஶ போட்டுத் தட்டுறவங்களும் உண்டு, ரெண்டு வரிசையையும் ஒரே கிளிஃபுக்குக் கொண்டு போங்க.

உயர அளவு: எம் (எழுத்து வரையும் சதுரத்தின் உயரம்) 1000, அடிக்கோட்டுக்கு மேல் 800, கீழ் 200 வச்சு வரைஞ்சிருந்தா சரி. ஆனா வரி உயரத்துக்கு அதே எண்ணைப் போட்டுடாதீங்க. கீ, ஸ்ரீ மேல்சுழியும், ஞு, ஙூ, ரு கீழ்வாலும் எம்மைத் தாண்டிப் போகும். விண்டோஸுக்கான 'வின் அசென்ட்', 'வின் டிசென்ட்' ரெண்டும் உள்ளதிலேயே உயரமான, தாழ்வான கிளிஃபின் எல்லையைத் தொடணும்; குறைஞ்சா சுழியின் தலை வெட்டுப்பட்டுத் தெரியும். வரி உயரம் சொல்ற மற்ற ரெண்டு இடமான 'டைப்போ', 'ஹெச்ஹியா' ரெண்டிலும் ஒரே எண், வரி இடைவெளி 0. ஃபான்ட்ஃபோர்ஜில் இந்த எண்களுக்குப் பக்கத்தில் 'ஆஃப்செட்' என்று ஒரு கட்டம் டிக் ஆகியே இருக்கும். அதை எடுக்காம எண் போட்டா, அது ஏற்கனவே கணக்கிட்டதோட நீங்க போட்டதையும் கூட்டிக்கும். வரிகளுக்கு நடுவில் ஒரு ஆள் படுக்கலாம்.

கோடுகளைப் பத்தி சுருக்கமா: இங்க்ஸ்கேப்பில் கோட்டைப் பாதையா மாத்தி, ஒண்ணா இணைச்சு, 1000 × 1000 பக்கத்தில் சேமிச்சு ஏத்துங்க. ஸ்கேன் பண்ணித் தானா டிரேஸ் ஆனதா இருந்தா ஒரு 'ண'விலேயே நூறு நோட் (கோட்டை வளைக்கிற புள்ளி) கிடக்கும். எளிமையாக்கி, வளைவுகளின் உச்சியில் (மேல், கீழ், இடம், வலம்) நோட் வர்ற மாதிரி பண்ணி, ஆயத்தொலைவுகளை முழு எண்ணாக்கி, திசையைச் சரிபண்ணுங்க. திசை தப்பினா 'ம'வின் உள்வெளி மை நிரம்பி அடைஞ்சிடும். இன்னொண்ணு, ண மூணு சுழி. ன-வோட அதே தடிமனில் வரைஞ்சா பக்கத்தில் கறுப்புத் திட்டா தெரியும். தண்டு 80 அலகுன்னா ண-வுக்கு 74, 75 வச்சுப் பாருங்க.

---

மூலப்பிரதி:

உரிமம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் படம், எழுத்து, இசைக்கு நன்றாகப் பொருந்தும், எழுத்துருவுக்குப் பொருந்தாது. எழுத்துரு என்பது மென்பொருள். அதை ஆவணத்தில் பதிக்கிறோம், இணையத்துக்காகத் தேவையான எழுத்துகளை மட்டும் வைத்துத் துண்டாக்குகிறோம், வேறொன்றோடு இணைக்கிறோம். 'மாற்றம் கூடாது' என்று போட்டால் துண்டாக்குவதே மீறலா என்ற கேள்வி எழும். 'வணிகம் கூடாது' என்று போட்டால் நீங்கள் யாருக்காக வரைந்தீர்களோ அவர்களே தொட மாட்டார்கள்: புத்தக அட்டை செய்பவர், விளம்பரம் ஓடும் வலைப்பதிவர், பெயர்ப்பலகை எழுதுபவர். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களும் தங்கள் தொகுப்பில் சேர்க்காது.

எழுத்துருவுக்கென்றே எழுதப்பட்டது எஸ்ஐஎல் அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமம், 2007-இல் வந்த 1.1 பதிப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் எல்லாம் இந்த உரிமத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் கேட்டதற்கு அது சொல்லும் பதில் இப்படி:

எழுத்துருவைத் தனியாக விற்க முடியாது. ஒரு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். அதை வைத்துச் செய்த புத்தகம், சுவரொட்டி, இலச்சினை எதற்கும் உரிமம் ஒட்டாது. அவற்றை விற்கலாம், உங்கள் பெயரைப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. யாராவது மாற்றி வெளியிட்டால் அதுவும் இதே உரிமத்தில்தான் வர வேண்டும், உங்கள் காப்புரிமை (காப்பிரைட்) வரியும் கூடவே வர வேண்டும். பிறகு மனம் மாறினாலும், ஏற்கனவே கொடுத்த பதிப்பைத் திரும்பப் பெற முடியாது. அதே சமயம் உரிமையாளர் நீங்கள்தான் என்பதால், நாளை தடித்த வடிவம் ஒன்று வரைந்து அதை மட்டும் விற்க நினைத்தால் தடையில்லை.

பெயரை மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இந்த உரிமத்தில் 'ஒதுக்கப்பட்ட பெயர்' என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால், மாற்றியவர் பெயரையும் மாற்றியே ஆக வேண்டும். அதாவது வேறொருவர் கெடுத்து வைத்த 'ழ' உங்கள் பெயரில் சுற்றாது. காப்பாற்ற வேண்டியது காப்புரிமை வரியை; அதை நீக்கினால் உரிமம் செல்லாது. ஆனால் கூகுள் ஃபான்ட்ஸில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒதுக்கப்பட்ட பெயர் வேண்டாம். இணையத்துக்காகத் துண்டாக்குவதும் மாற்றம்தான் என்பதால், அங்கே புதிய எழுத்துருக்களுக்கு அதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

லத்தீன் எழுத்துகளை வேறு திறந்த எழுத்துருவிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம். அவர்களது காப்புரிமை வரி உங்களுடையதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்கள் ஒதுக்கிய பெயர் உங்கள் எழுத்துருவின் பெயரில் வரக் கூடாது. விலைக்கு வாங்கிய எழுத்துருவிலிருந்து ஒரு காற்புள்ளியைக்கூட எடுக்காதீர்கள்.

உரிமத்தைத் தனிக் கோப்பாக வைத்தால் மட்டும் போதாது. எழுத்துருவின் உள்ளேயே பெயர் அட்டவணையில் 0-ஆவது இடத்தில் காப்புரிமை, 13-இல் உரிம விளக்கம், 14-இல் உரிமத்தின் முகவரி. டிடிஎஃப் கோப்பு தனியாகக் கைமாறிப் போகும்போது கூடப் போவது இவைதான். பதித்தல் அனுமதி எண் 0 ஆக இருக்க வேண்டும். 2 என்று இருந்தால் தடை என்று பொருள். பிடிஎஃப் மென்பொருள் பதிக்க மறுக்கும், உரிமம் திறந்திருந்தும் பயனில்லை.

---

அச்சுமை:

டிடிஎஃப் மட்டும் கொடுப்பது பகிர்வதில் பாதிதான். ஏற்றுமதியில் மூன்றாம் படி வளைவுகள் இரண்டாம் படியாகின்றன, மேற்பொருந்திய கோடுகள் ஒன்றாகின்றன, வழிகோடுகள் போகின்றன. அதைத் திறந்து திருத்துபவர் உங்கள் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இகரத்தின் வளைவை ஒருவர் சரி செய்து கொடுக்க நினைத்தாலும் முடியாது.

பொட்டலத்தில் இருக்க வேண்டியவை: மூலக் கோப்பு (மேற்பொருந்தல்களை நீக்காமல்), டிடிஎஃப், வலைக்கு வாஃப்2, உரிமம், ஒரு வாசிப்புக் கோப்பு, மாற்றப் பதிவேடு. மூலத்தை யூஎஃப்ஓ வடிவில் வையுங்கள். அதில் ஒவ்வொரு கிளிஃபும் தனிக் கோப்பு. ஒருவர் 'ஞ'வையும் இன்னொருவர் 'ற'வையும் திருத்தி அனுப்பினால் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் மோதாமல் சேரும். ஃபான்ட்ஃபோர்ஜின் எஸ்எஃப்டியும் உரைக்கோப்புதான், ஆனால் எல்லாம் ஒரே கோப்பில் கிடக்கும். இரண்டு பேர் கைவைத்தாலே சிக்கல்.

முழு வெளியீட்டுக்குப் பதிப்பு எண்ணை 1.000 என்று தொடங்குங்கள். பெயர் அட்டவணை 5-இல் உள்ள எண்ணும் தலை ('ஹெட்') அட்டவணையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். எழுத்தின் அகலத்தை மாற்றும் ஒவ்வொரு வெளியீட்டையும் பதிவேட்டில் சொல்லுங்கள், ஏனென்றால் ஏற்கனவே பக்கம் கட்டியவர்களுக்கு வரிகள் இடம் மாறும்.

துணைக்கால் சொன்னதில் ஒன்றில் உடன்பாடில்லை. 48 இகர ஈகாரத்தையும் வரைந்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்றில்லை. டி, டீ, பிறகு விலங்கு மோதுகிற சில எழுத்துகளை வரைந்து, மற்றவற்றுக்கு ஒட்டுக் குறியோடு 0.5 என்று வெளியிடலாம். முழுமைக்குக் காத்திருக்கும் எழுத்துருக்கள் வன்தட்டோடு போய்ச் சேரும்.

---

துணைக்கால்:

0.5 ஆட்சேபணை இல்லை. ஆனா எந்தெந்த எழுத்து ஒட்டுக் குறியில் ஓடுதுன்னு வாசிப்புக் கோப்பில் எழுதிடுங்க, திருத்த வர்றவங்களுக்கு அதுதான் வேலைப்பட்டியல்.

---

வளைகோடு:

மிக்க நன்றி. 'டிஎம்எல்2' சேர்த்ததும் கொம்பு இடத்துக்கு வந்துவிட்டது. உரிமம் எஸ்ஐஎல் என்றே வைத்துக்கொள்கிறேன், ஒதுக்கப்பட்ட பெயர் இல்லாமல்.

இன்னும் இரண்டு. யானைத் துதிக்கை போல வரும் பழைய ணை, லை, ளை, னை வடிவங்களையும், பழைய ணா, றா, னா-வையும் விருப்பத் தேர்வாகச் சேர்க்க ஆசை. 1978 சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்தையும் வரைய வேண்டுமா? அடுத்து, ஃபோட்டோஷாப்பில் சோதித்த நண்பர் ஒருவர் எல்லா எழுத்தும் உடைந்து தெரிகிறது என்கிறார். உலாவியில் சரியாகத்தான் இருக்கிறது.

---

துணைக்கால்:

13 வேண்டாம், 7 போதும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் கொம்பு பிரிஞ்சு முன்னால போனதும் மிச்சம் இருக்கிறது ண + ா, ற + ா, ன + ா தானே. ணா, றா, னா விதி இருந்தா அந்த ஆறும் தானா வந்துடும்.

இதை 'எஸ்எஸ்01' என்கிற நடைத் தொகுப்பில் வைங்க, அப்பதான் வேணுங்கிறவங்க மட்டும் இயக்கிக்குவாங்க. விதி எழுதும்போது ஒரு இடம் வழுக்கும். ணை என்று தட்டுற வரிசை ண, பிறகு ஐகாரக் குறி. ஆனா விதி ஓடும் நேரத்தில் எஞ்சின் குறியை ஏற்கனவே முன்னால நகர்த்திடும். அதனால விதியில் ஐகாரக் குறி முதலில், ண அடுத்து. ணா-வுக்கு நகர்வு இல்லை, தட்டின வரிசையே. ஐகாரத்தில் வரிசையைத் திருப்பி எழுதிட்டா பிழைச்செய்தி எதுவும் வராது, சும்மா வேலை செய்யாம இருக்கும்.

---

அச்சுமை:

ஃபோட்டோஷாப்பில் உடைவது எழுத்துருவின் பிழை இல்லை. அதன் பழைய பதிப்புகளில், விருப்பத்தேர்வுகளின் 'டைப்' பகுதியில் உலக மொழிகளுக்கான லேஅவுட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் பட்டியலில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசர். இல்லஸ்ட்ரேட்டரிலும் இந்திய மொழி விருப்பங்களை இயக்க வேண்டும். பழைய கோப்பில் ஏற்கனவே தட்டிய பத்தி பழைய எஞ்சினிலேயே இருக்கும். அந்தப் பத்தியைத் தேர்ந்து தனியாக மாற்றச் சொல்லுங்கள். வாசிப்புக் கோப்பில் இதை முதல் பத்தியிலேயே போடுங்கள், பாதிக் கேள்விகள் வராது.

வெளியிடும் முன் இந்த வரியை க்ரோம், சஃபாரி, வேர்ட், லிப்ரே ஆஃபிஸ் நான்கிலும் ஒட்டிப் பாருங்கள்: கெ கொ கௌ டி டீ ஞூ ணை றா க்ஷ க்ஷி ஸ்ரீ ஶ்ரீ ஜூ ஹௌ ஃப். சஃபாரியின் எஞ்சின் வேறு, வேர்டின் எஞ்சின் வேறு. ஹார்ஃபஸில் மட்டும் சரியாக வந்தால் போதாது.

---

மூலப்பிரதி:

'எஸ்எஸ்01'-க்கு எழுத்துருவின் உள்ளேயே ஒரு பெயரும் கொடுக்கலாம். 'பழைய வடிவங்கள்' என்று தமிழிலேயே. அதைக் காட்டும் மென்பொருள்களில் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயர் பட்டியலில் வரும்.